செங்கோட்டை கிட்டப்பா

மேனாட்டார் இசை நாடகத்தை ஒபரா என்பர். அதில் உச்சக் குரலிற் பாடும் ஆடவருக்கு டெனர் என்று பெயர். நேப்பிள்ஸ் நகரில் 1873-இல் பிறந்த என்ரிக்கோ கரூசோ அவ்வகையினருள் பெரும் புகழ் படைத்தவர். கடல் கடந்து அமெரிக்கா வரை சென்று பாடி, 1921-இல் தமது 48-ஆம் வயதில் மறைந்தார். நம் நாட்டு நாடக மேடையில் அவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் எஸ். ஜி. கிட்டப்பா. இவருக்கு வாய்த்த ஆயுளோ 27 ஆண்டுகளே.

அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில், 1906 ஆகஸ்டு 25-ஆம் நாள், கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாய் இவர் பிறந்தார். இட்ட பெயர் இராமகிருஷ்ணன். குடும்பத்தின் வறுமை இவரையும் உடன்பிறந்தாரையும் இளமையிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ப்பித்தது. ஏறக்குறைய ஆறு வயதில் மேடை ஏறினார். பள்ளிப் படிப்பு இல்லை; முறையாக ஓர் ஆசிரியரிடம் பல்லாண்டு அமர்ந்து சங்கீதம் பயின்றவருமல்லர். கேட்டதைக் கேட்டவாறே பற்றிக்கொள்ளும் செவி ஒன்றே இவருக்குக் குருவாயிற்று.

பாலர் கம்பெனிகளிற் பாடிய சிறுவர் பலர் மகரக்கட்டு வந்ததும் குரல் உடைந்து மேடையை இழப்பது வழக்கம். கிட்டப்பாவின் குரலோ வாலிபத்திலும் ஏறக்குறைய ஐந்து கட்டைச் சுருதியில் தங்குதடையின்றி நின்றது. கச்சேரி மேடை ஆடவர் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிற் பாடுவதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். இது வெறும் வியப்பன்று, தொழிலுக்கு இன்றியமையாத தேவையுமாம். அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. இரவு தொடங்கி விடியுமளவும் நடக்கும் நாடகத்தில், கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் எளியவன் காதுக்கும் சொல்லும் சுரமும் எட்டவேண்டும். எட்டாவிடில் அவன் சும்மா இரான்.

ஸ்ரீ கிருஷ்ண விநோத சபையை நடத்திய சி. கன்னையாவின் நாடகங்கள் கண்ணைப் பறிக்கும் காட்சிச் சோடனைகளுக்குப் பேர்போனவை. அங்கே தசாவதாரம் முதலிய நாடகங்களிற் கிட்டப்பா சேர்ந்தபின், காட்சியைப் பார்க்க வந்த கூட்டம் பாட்டைக் கேட்கவும் வரலாயிற்று. தமையனார் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிப்பார். தியாகராஜ சுவாமிகளின் ‘எவரனி’ என்னும் கிருதியைத் தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் இவர் பாடிப் பரப்பியதை இசைவாணர் இன்றும் பேசுவர். கூத்தாடிகள் என்று நாடகக்காரரை ஒதுக்கிய சபைகளின் வித்துவான்களும் இவர் பாட்டைக் கேட்கக் கொட்டகைக்கு வந்தனர் என்றால், அதனினும் பெரிய பட்டம் வேண்டுவதில்லை.

அந்நாளில் ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை பரவியிருந்தது. வெவ்வேறு ஊரிலுள்ள புகழ்பெற்ற நடிகரை ஓரிரவுக்கென வரவழைப்பர், ஒத்திகை இராது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் எல்லார்க்கும் மனப்பாடம். ஆதலின் மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு, தருக்கத்துக்குத் தருக்கம் எழும். இளைத்தவர் தோற்பர். இத்தகைய மேடையிலேதான், 1926-ஐ ஒட்டிய காலத்தில், இலங்கையிற் கிட்டப்பா கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். அவரும் கணீரென்ற குரலினர். அவரோடு நின்று பாடுதல் எளிதன்று என்பது பலர் எண்ணம். நடந்ததோ வேறு, ஒருவரையொருவர் தாழ்த்தாது இருவரும் உயர்ந்தனர். தமிழ்நாடெங்கும் இந்த ஜோடியைக் காணச் சனங்கள் திரண்டனர். 1927-இல் மணமும் நடந்தது. கிட்டப்பா முன்னரே மணமானவர் என்பதை இங்கே மறைத்தற்கில்லை. மேடையில் இருந்த ஒற்றுமை இல்லத்தில் நிலைக்கவில்லை. பிரிவும் மனத்தாங்கலும் நேர்ந்தன. சுந்தராம்பாள் அக்காலத்தில் எழுதிய கடிதங்களைப் படிப்போர், புகழ்பெற்ற பெண்ணொருத்தியின் தனிமையையே அவற்றிற் காண்பர்.

ஊர்விட்டு ஊர், இரவுதோறும் கண்விழிப்பு, இதனோடு மதுப்பழக்கமும் சேர்ந்து கிட்டப்பாவின் உடலை அரித்தன. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். தமிழ்ப் பேசும்படம் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவர் உருவம் திரையிற் பதியவில்லை. எஞ்சியவை கிராமபோன் இசைத்தட்டுகள் சிலவே. விடியவிடிய விரித்துப் பாடியவரை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குள் அடக்கியவை அவை.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைப் புடவையே உடுத்தார். எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, 1980-இல் மறையுமளவும் அதனைக் காத்தார். 1935-இல் வெளியான நந்தனார் படத்தில் அவர் தோன்றியதும் ஆண்வேடத்திலே, நந்தனாராகத்தான். வேதியராய் எதிரே நின்றவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.