6 கிலோ கூடியும் பிழைக்காத ராமானுஜன்... எடை வேறு, ஆரோக்கியம் வேறு! எப்படி?

காலையில் எழுந்ததும் எடை மெஷின் மேல ஏறி நிற்பது, இட்லி சாப்பிட்டதும் போனில் கலோரியைப் பதிவு செய்வது எல்லாம் இப்போ பலருக்கும் பழக்கமாகிவிட்டது. எண் குறைந்தால் சந்தோஷம். கூடினால் அன்றைக்கு முழுக்க டென்ஷன்.

ஆனால் அந்த எண் உண்மையிலேயே நம்ம ஆரோக்கியத்தைச் சொல்கிறதா? இதற்கு பதில் தேட, எண்களோடவே வாழ்ந்து 32 வயதில் மறைந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றி நிறைய படித்திருப்போம். அவர் என்ன சாப்பிட்டார், உடம்பு என்ன ஆனது என்பது அதிகம் பேசப்படாத பக்கம்.

கும்பகோணத்துப் பையன்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். வருமானம் குறைவு. அம்மா கோமளத்தம்மாள்தான் மகனுக்கு எல்லாமே. மகன் கணக்கில் மூழ்கிக் கிடக்கும்போது சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பாராம். சின்ன வயதில் கொஞ்சம் பூசினாற்போல இருந்த பையன் அவர். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும்போதும் குட்டையான, பருமனான உருவம்தான். எடை குறைஞ்ச, ஒட்டிய முகத்தோடு நாம பார்க்கும் பாஸ்போர்ட் போட்டோ 1919-ல் எடுத்தது.

நடுவில் பட்டினியும் இருந்தது. கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அங்கே படித்த 1906-ல் கடுமையான சீதபேதி வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

1909-ல் ஜானகியுடன் திருமணம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற முதல் கடிதம். அடுத்த மாதம் எழுதிய இரண்டாவது கடிதத்தில், தான் அரைப்பட்டினியில் இருப்பதாகவும், மூளை வேலை செய்ய முதலில் சாப்பாடு வேண்டும் என்றும் வெளிப்படையாகவே எழுதினார் ராமானுஜன்.

கேம்பிரிட்ஜில் என்ன சாப்பிட்டார்?

1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பினார். ஏப்ரலில் லண்டன். ஆகஸ்டில் முதல் உலகப்போரில் பிரிட்டன் இறங்கியது.

ராமானுஜன் சுத்த சைவம். டிரினிட்டி கல்லூரியின் பொதுச் சாப்பாட்டு அறைக்குப் போகாமல், தன் அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டார். போரால் காய்கறி கிடைப்பதே கஷ்டமானது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். கணக்கில் உட்கார்ந்தால் ராத்திரி பகல் தெரியாது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒழுங்கே இல்லாமல் போனது. குளிர், தனிமை, வீட்டுக் கவலை எல்லாம் சேர்ந்துகொண்டது.

1917 வசந்த காலத்தில் படுத்தார். அதன் பிறகு சுமார் இரண்டு வருடங்கள், பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலும்தான் வாழ்க்கை. முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய். ஒரு கட்டத்தில் புற்றுநோயோ என்றும் சந்தேகப்பட்டார்கள்.

தாம்பரம் சானடோரியத்துக்கும் ராமானுஜனுக்கும் என்ன தொடர்பு?

இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்து பீச் போகும் ட்ரெயினில் ஏறுகிறவர்களுக்கு, தாம்பரம் தாண்டினால் வரும் சானடோரியம் ஸ்டேஷன் தினமும் பார்க்கிற பெயர். அந்த சானடோரியத்தைத் தொடங்கியவர் டேவிட் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர். 1917-ல் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய காசநோய் சானடோரியத்தில்தான் ராமானுஜனும் சில காலம் நோயாளியாக இருந்தார். மூன்று வருடங்களுக்கு முன்னால் நெவாசா கப்பலில் ராமானுஜனோடு பயணம் செய்தவரும் அவரேதான்.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் 25 வருடங்களுக்கு மேல் இருந்தது. சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இதுதான் மொத்த சிகிச்சையும். நோயாளி தேறுகிறாரா என்று பார்க்க டாக்டர்கள் நம்பிய முக்கியமான அடையாளம் எடை. கூடினால் நல்ல சேதி. குறைந்தால் ஆபத்து. இன்றைக்கு டயட்டில் இருப்பவர்கள் எடை மெஷினைப் பார்க்கும் விதத்துக்கு அப்படியே நேர்மாறு!

இதே நம்பிக்கையில்தான் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் திறந்தார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

கணக்கு தப்பிய 6 கிலோ

மெண்டிப்பிலிருந்து மேட்லாக் என்ற ஊரின் சானடோரியத்துக்கு மாற்றப்பட்டார் ராமானுஜன். அங்கே சாப்பாடு பெரிய போராட்டம். சமையல்காரர் செய்வது இவருக்கு இறங்கவில்லை. இவருக்குப் பிடித்த காரமும் புளிப்பும் உடம்புக்கு ஆகாது என்றார்கள். பார்க்க வந்த ஒரு நண்பர், இவருடைய சாப்பாட்டை நினைத்துக் கவலைப்பட்டு ஹார்டிக்கு நீளமாகக் கடிதமே எழுதினார்.

1918-ல் கௌரவங்கள் வரிசையாக வந்தன. ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். டாக்ஸி எண் 1729 பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்த டாக்ஸியில் ஹார்டி போனது, லண்டன் பட்னியில் நோயாளியாகக் கிடந்த ராமானுஜனைப் பார்க்கத்தான்.

அந்த வருடம் நவம்பர் மாதம் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நல்ல செய்தி இருந்தது. ராமானுஜனுக்குக் காய்ச்சல் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது, எடையும் கிட்டத்தட்ட ஒரு ஸ்டோன் கூடியிருக்கிறது என்பதே அது. ஒரு ஸ்டோன் என்றால் 14 பவுண்டு, அதாவது 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கண்டம் தாண்டிவிட்டார், இனி ஊருக்குப் போகலாம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1919 பிப்ரவரி 27-ல் கப்பல் ஏறி, மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். ஆனால் ஊருக்கு வந்த உடம்பு தேறவே இல்லை. சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். ஜானகி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அந்த நிலையிலும் 1920 ஜனவரியில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. எடை கூடிய நல்ல செய்தி வந்து 17 மாதம்தான் ஆகியிருந்தது.

அப்படி என்னதான் நோய்?

பல காலம் காசநோய் என்றே சொல்லப்பட்டது. 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தார். அது கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம், 1906-ல் சென்னையில் வந்த சீதபேதியில் அது தொடங்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. இந்த நோய் வருடக்கணக்கில் உள்ளேயே பதுங்கி இருந்து திரும்ப வரக்கூடியது. நடுவில் எடை கூடும், காய்ச்சல் குறையும். ஆனால் காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

வேதனை என்னவென்றால், அமீபா நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் 1912-லேயே எமெட்டின் ஊசியைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். இந்த முடிவு உறுதியானது இல்லை, இது ஒரு ஆய்வாளரின் கணிப்புதான். இருந்தாலும் அது சரியாக இருந்தால், தராசு சொன்ன நல்ல செய்தியை நம்பி எல்லோரும் நிம்மதியானபோது நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

சரி, இதுல நமக்கு என்ன இருக்கு?

ராமானுஜன் விஷயத்தில் எடை கூடியதை ஆரோக்கியம் என்று நினைத்தார்கள். நாம எடை குறைவதை ஆரோக்கியம் என்று நினைக்கிறோம். திசைதான் வேற, தப்பு ஒண்ணுதான்.

கலோரி என்பது உணவில் இருக்கும் ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் சுமார் 4 கலோரி, கொழுப்பில் சுமார் 9. அதிகம் உடலுழைப்பு இல்லாத, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2,110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 1,660 கலோரியும் தேவை என்பது ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட கணக்கு.

ஃப்ளெக்சிபிள் கலோரி கணக்கு என்றால் என்ன? தினமும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காமல், வாரத்துக்கு மொத்தமாகப் பார்ப்பது. உதாரணத்துக்கு ஒருவருக்கு தினம் 1,800 என்றால் வாரத்துக்கு 12,600. சனிக்கிழமை கல்யாணப் பந்தியில் 2,600 ஆகிவிட்டால், மீதி ஆறு நாளும் சுமார் 1,670 என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சாப்பாடும் தடை இல்லை. குற்ற உணர்ச்சியும் வேண்டாம். அதனால்தான் பலரால் இதை நீண்ட நாள் கடைப்பிடிக்க முடிகிறது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கு. டீயும் முறுக்கும் பிஸ்கட்டும் சாப்பிட்டே 1,600 கலோரியை முடிக்கலாம். எடையும் குறையும். புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 எதுவும் போதுமான அளவு உள்ளே போயிருக்காது. குறைவது கொழுப்பா, தசையா, வெறும் தண்ணீரா என்பதையும் சாதாரண எடை மெஷின் சொல்லாது. டயட் தொடங்கிய முதல் வாரத்தில் சட்டென்று குறைவதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

சேத்துப்பட்டில் கிடைத்த பதில்

ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில், 1956-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்திலும், இன்னொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, எடையும் அதிகம் கூடியது. வீட்டில் இருந்தவர்களோ ஏழைகள், சாப்பாடும் குறைவு. ஆனால் குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற்ற உதவியது.

அப்போ சாப்பாடு முக்கியமே இல்லையா? அப்படியும் இல்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்விலும் இதே நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதலாகச் சத்தான உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மெலிந்து போயிருந்த நோயாளிகளில் சிகிச்சையின் ஆரம்பத்திலேயே எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயமும் குறைவாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். சாப்பாடு உயிர் காக்கும், ஆனால் சிகிச்சைக்குப் பதிலாகாது. எடை ஒரு தகவல், ஆனால் அது மட்டுமே தீர்ப்பு ஆகாது.

எடையோடு வேறு எதைப் பார்க்கணும்?

* இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.
* ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின்: மூன்றையும் அவ்வப்போது பரிசோதிக்கலாம்.
* அன்றாட பலம்: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா, பசி ஒழுங்காக எடுக்கிறதா?
* காரணமில்லாத எடை குறைவு: டயட், உடற்பயிற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். 60 கிலோ இருப்பவருக்கு இது வெறும் 3 கிலோ.
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு: அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசநோய் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் கலோரியைக் குறைக்கக் கூடாது. இளைத்துவிட்டீர்களே, சூப்பர் என்று யாரிடமாவது சொல்வதற்கு முன், உடம்பு நல்லா இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.