சலீம் அலி: வேட்டைக்காடு பறவைகளின் வீடான கதை

தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்திருக்கீங்களா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புல்வெளி ஓரத்து மரங்களில் சுரைக்காய் போலத் தொங்கும். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். அப்புறம் அடுத்த ஜோடியைத் தேடி இன்னொரு கூட்டைத் தொடங்கிவிடும்!

இதையெல்லாம் 1930இல் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து எழுதியவர் சலீம் அலி. அப்போது அவருக்கு வேலைகூட இல்லை.

யார் இவர்?

1896இல் மும்பையில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து, தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி என்று யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் மாமா அனுப்பிவைத்தார். மில்லார்டு பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் பையனுக்குக் காட்டினார். ஆர்வம் அங்கேதான் தொடங்கியது.

பட்டம் இல்லாததால் அரசாங்க வேலை கிடைக்கவில்லை. அரும்பொருளகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். பிறகு பெர்லின் சென்று பறவையியல் பயின்றார். திரும்பி வந்தால், அரும்பொருளக வேலையும் இல்லை. மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கித்தான் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். 1939இல் மனைவி தெஹ்மினா காலமானார். துணையை இழந்தபிறகும் பயணத்தை நிறுத்தவில்லை. 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் அவரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பறவைகளுக்கு என்ன செய்தார்?

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் மகாராஜாவின் வாத்து வேட்டைக்களம். 1938இல் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகள் அங்கே சுடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிலமும் தண்ணீரும் விவசாயத்துக்கு வேண்டும் என்று குரல் எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார். சதுப்பு நிலம் பிழைத்தது.

கேரளத்தில் 1930களில் அவர் கணக்கெடுத்த தட்டேக்காடு மழைக்காடு, 1983இல் பறவைகள் சரணாலயமானது. பரப்பு வெறும் 25 சதுர கிலோமீட்டர். ஆனால் இருவாச்சி, தவளைவாயன் என்று அரிய பறவைகள் வாழும் இடம். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணைத் திட்டத்திலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் அவர் குரல் கொடுத்தார்.

எல்லாம் சரியாகவே நடந்ததா?

இல்லை. இங்கேதான் நீங்க கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

எருமைகள் மேய்ந்தால் பரத்பூர் பறவைகளுக்குக் கெடுதல் என்று சலீம் அலியும் அவரது கழகமும் நம்பினர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த கிராமத்தினர் எதிர்த்தனர். போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? எருமைகள் இல்லாமல் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. பறவைகளுக்கு அது நல்லதாக இல்லை. இதை நீண்டகால ஆய்வில் கண்டறிந்து சொன்னது, அவருடைய அதே கழகம்தான். தடைக்குத் துணைநின்ற அமைப்பே முடிவு தவறு என்று சான்றோடு காட்டியது. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பு என்ற அவரது வழியும் அதுதானே?

இன்று நமக்கு என்ன?

சலீம் அலி 1987இல், 90 வயதில் காலமானார். கோயம்புத்தூர் அருகே உள்ள பறவையியல் ஆய்வு மையத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு 2002க்குப் பிறகு அங்கே வருவதில்லை. ஒரு சரணாலயத்துக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. பறவை பறந்துவரும் வழி முழுக்கப் பத்திரமாக இருக்கணும்.

சுங்கை பூலோவுக்கோ கோலசிலாங்கூருக்கோ போகும்போது, பறவையை மட்டும் பார்க்காதீங்க. அது நிற்கும் சேற்றையும், சுற்றி வாழும் மனிதர்களையும் சேர்த்துப் பாருங்க. மூன்றும் இருந்தால்தான் பறவை அடுத்த வருஷமும் வரும்.