கடற்சீற்றத்தை முன்னறிந்த பிடிங்டன்

கஜா புயலை நம் வட்டார மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையேறிய அப்புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. பிள்ளைபோல் வளர்த்த மரங்கள் வேரோடு வீழ்ந்தன. ஆயினும் புயல் வருமென்ற செய்தி முன்பே எட்டியதால் பல உயிர்கள் பிழைத்தன. அவ்வாறு முன்னறிவிக்கும் அறிவியலுக்கு நம் நாட்டில் கால்கோளிட்டோருள் ஒருவர் ஹென்றி பிடிங்டன் ஆவார்.

1797இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கடலோடியாக வாழ்வைத் தொடங்கிக் கப்பல் தலைவராக உயர்ந்தார். பின்னர் கல்கத்தாவில் குடியேறி, கப்பல் விபத்துகளை ஆராயும் விசாரணை மன்றத்தின் தலைவராகப் பணியாற்றினார். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்திசையிலிருந்து காற்று வீசியது என்பதை அவற்றிலிருந்து திரட்டி, வங்கக் கடற்புயல்களின் பாதையை வரைபடத்தில் குறித்தார். புயற்காற்று நேராக வீசுவதன்று, மையமொன்றைச் சுற்றிச் சுழல்வது என்ற உண்மை அதில் தெளிவாயிற்று. பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை அவரே ஆக்கினார். 1848இல் மாலுமிகளுக்கென எளிய கையேடு ஒன்றையும் வெளியிட்டார். புயலின் மையம் எப்பக்கம் உள்ளதென அறிய, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளில் வட்டங்கள் வரைந்து அதனுடன் வழங்கினார்.

புயலைவிடக் கொடியது அது எழுப்பும் நீர்ப்பெருக்கு என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1789இல் கோதாவரிக் கழிமுகத்தின் கோரிங்காவை மூன்று பேரலைகள் அழித்த வரலாற்றை அவர் ஆராய்ந்தவர். புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலில் அந்நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் வழியின்றிக் குவியும். தீவுகளுக்கிடையே குறுகிச் செல்லும் கழிமுகமாயின் மேலும் உயரும்.

இந்நிலையில்தான் ஹூக்ளி ஆறு தூர்ந்து வருவது கண்டு, சுந்தரவனத் தீவுகளினூடே ஓடும் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் அமைக்க அரசு எண்ணியது. வங்க மொழியில் மாத்லா என்றால் வெறிகொண்டது என்று பொருள். 1853இல் பிடிங்டன், தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு எச்சரிக்கை மடல் எழுதினார். ஒருநாள் 5 முதல் 15 அடி உயரக் கடல்நீர் அந்நகரை மூழ்கடிக்கும் என்பது அவர் கணிப்பு. அரசு செவிசாய்க்கவில்லை. 1858இல் பிடிங்டன் மறைந்தார். கானிங் துறைமுகம் எழுந்தது, இரயிலும் வந்தது. 1867 நவம்பர் 1ஆம் நாள் புயலோடு ஏறத்தாழ 6 அடி அலை புகுந்து நகரைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது. தம் சொல் மெய்யானதைக் காண அவர் இல்லை.

நம் கரைக்கும் இதில் பாடமுண்டு. இலங்கைத் தீவு அரணாக நிற்பதால் பெருங்கடலின் நெடிய அலைகள் அதைச் சுற்றி வளைந்து, வலுவிழந்தே அதிராம்பட்டினத்தை அடைகின்றன. 2004 ஆழிப்பேரலையில் நாகை பட்ட பெருந்துயரை நம் கரை படாததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் தீவைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் நுழையும் புயலுக்கு அவ்வரண் தடையாகாது. அங்கும் கடல் ஆழங்குறைந்ததே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இரயிலோடு கடல் கொண்டதை நாடறியும்.

இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. இன்று செயற்கைக்கோளும் கணிப்பொறியும் புயலின் வழியைக் கூறுகின்றன. எனினும் அறிந்து சொல்பவர் ஒருவர் இருந்தால் போதாது. கேட்டு நடப்போரும் வேண்டும். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டைக் காப்பதும், எச்சரிக்கை வந்தவுடன் கரையை விட்டு அகல்வதும் நாம் பிடிங்டனுக்குச் செலுத்தும் நன்றியாகும்.