ஆசிரியர்களுக்குக் கல்லூரி கண்ட ஹார்ப்பர்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், கடைக்காரர் மகனாக 1856-ல் பிறந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். 18 வயதிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1892-ல் வகுப்புகள் தொடங்கிய சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் இவரே.

பல்கலைக்கழகம் தன் மதில்களுக்குள் அடங்கிவிடலாகாது என்பது அவர் கொள்கை. 1898-ல், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பிய பள்ளி ஆசிரியர்களுக்காக, நகரின் மையத்திலேயே கல்லூரி தொடங்கினார்.

மறு ஆண்டு, நகரப் பள்ளிகளைச் சீர்திருத்த அவர் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அதிகாரமெல்லாம் மேலிடத்தில் குவியும் என்று ஆசிரியர் சங்கம் எதிர்த்தது; மசோதா சட்டசபையில் தோற்றது.

ஹார்ப்பர் 1906-ல், 49 வயதில் புற்றுநோயால் காலமானார். ஆசிரியர் மனம் ஒப்பாமல் பள்ளியைத் திருத்த இயலாது என்பதே அவர் வரலாறு தரும் பாடம்.