லிங்கனின் தாய்வழிப் பாட்டி

1850-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இரு வழக்குரைஞர்கள் குதிரை வண்டியில் நீதிமன்றத்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். ஒருவர் ஆபிரகாம் லிங்கன். மற்றவர் அவருடைய தொழிற்கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன். பேச்சு பரம்பரைக் குணங்களைப் பற்றித் திரும்பியது. தம் தாய் நான்சி ஹேங்க்ஸ், மணமாகாத லூசி ஹேங்க்ஸ் என்னும் பெண்ணுக்குப் பிறந்தவர் என்றும், பாட்டனார் வர்ஜீனியாவைச் சேர்ந்த உயர்குடிப் பண்ணையார் என்றும் லிங்கன் கூறினார். தம் அறிவும் உயர்வேட்கையும் அந்தப் பெயர் தெரியாத மனிதரிடமிருந்தே வந்தவை என அவர் நம்பினார். ஹெர்ண்டன் இதை 1889-இல் நூலில் எழுதியபோது பலர் முகம் சுளித்தனர்.

லிங்கன் 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர். 1816-இல் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், நச்சுச் செடியை மேய்ந்த பசுக்களின் பாலால் பரவிய நோய் நான்சியைக் கொண்டு போயிற்று. அவரை வளர்த்த சிற்றன்னை எலிசபெத்தும் அவருடைய கணவரும் அதே நோய்க்குச் சற்று முன்னர்தான் பலியாகியிருந்தனர். அன்னையின் சவப்பெட்டிக்கு மர ஆணிகள் செதுக்கிய சிறுவனுக்கு அப்போது வயது ஒன்பது. தாயின் குலக்கதையை விரிவாகச் சொல்லக்கூடியவர்கள் அவ்வாறு ஒரே பருவத்தில் மறைந்தனர். 1859-இல் தேர்தல் நோக்கில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தாய் ஹேங்க்ஸ் என்னும் குடும்பத்தவர் என்பதோடு லிங்கன் ஏறத்தாழ நிறுத்திக்கொண்டார். குடியரசுத் தலைவராகி, 1865-இல் சுடப்பட்டு இறக்கும்வரை அவர் இதைப் பொதுவெளியில் பேசவில்லை.

அவர் பேசாததை ஆய்வாளர்கள் பேசினர். உறவினரான டென்னிஸ் ஹேங்க்ஸ், நான்சி முறைகேடாகப் பிறந்தவர் அல்லர் என்று சாதித்தார். ஜோசப் ஹேங்க்ஸ் என்பவர் 1793-இல் எழுதிய உயிலை 1899-இல் ஒரு நூலாசிரியர் சான்றாகக் காட்டினார். அதில் மகன்களுக்கு ஆளுக்கொரு குதிரை, மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரி. மகள்களில் ஒருவர் பெயர் நான்சி. அவரே லிங்கனின் தாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நான்சி, டென்னிஸின் தாய் என்பதும், லிங்கனின் அன்னைக்குச் சிற்றன்னை முறையினர் என்பதும் பின்னரே தெளிவாயிற்று. லூசியின் பெயர் உயிலில் இல்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. சொத்து எவருக்குப் போகிறதோ அவருக்கே ஆவணம் மிஞ்சுகிறது. லூசியை ஆவணம் நினைவுகூர்ந்த இடம் வேறு: 1789-இல் மெர்சர் மாவட்ட நீதிமன்றத்தில், ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டில்!

லூசி, ஜேம்ஸ் ஹேங்க்ஸை மணந்த ஷிப்லி குடும்பத்துப் பெண் என்றும், எனவே நான்சி முறையான மணத்தில் பிறந்தவர் என்றும் இன்னொரு தரப்பினர் வாதிட்டனர். ஏடுகளால் தீராத இவ்வழக்கு மரபணுவிடம் போயிற்று. இழைமணி மரபணு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வரும். மகன் அதைப் பெறுவானே தவிர, அடுத்த தலைமுறைக்குக் கடத்த மாட்டான். ஆகவே லிங்கனின் மகன்களால் பயனில்லை. அவருடைய ஒரே சகோதரி சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. நான்சியின் பெண்வழி அத்துடன் அற்றுப்போயிற்று.

எனவே ஆய்வாளர்கள் ஒரு தலைமுறை மேலேறி, லூசி பின்னாளில் ஹென்றி ஸ்பாரோவை மணந்து பெற்ற மகள்களின் பெண்வழியினரைத் தேடினர். 2015-இல் முடிவு வெளியாயிற்று. மிக அரிதான எக்ஸ்1சி என்னும் மரபுக்குழு அவர்களிடம் காணப்பட்டது. அது ஷிப்லி வழியோடு பொருந்தவில்லை. உயிலில் விடுபட்ட லூசி, ஜோசப் ஹேங்க்ஸின் மனைவி ஆன் லீயின் மகளே என்பது உறுதிப்பட்டது. நான்சியிடமே சோதனை நடத்த வழியில்லாததால் கடைசிக் கண்ணிக்கு இன்றும் லிங்கனின் வாய்ச்சொல்லும் ஏடுகளுமே துணை. நான் அதை ஏற்கிறேன். தமக்குப் பெருமை சேர்க்காத செய்தியை அவர் புனைந்திருக்கக் காரணமில்லை.

வர்ஜீனியப் பண்ணையாரை இச்சோதனை தொடவே முடியாது. அவர் இன்னும் பெயரற்றவராகவே இருக்கிறார். லூசியின் கையெழுத்தோ கிடைத்திருக்கிறது. நீதிமன்றக் குற்றச்சாட்டுக்கு மறு ஆண்டு, 1790 ஏப்ரல் 26 அன்று, தமக்கு வயது நிரம்பிவிட்டதென்றும், ஸ்பாரோ திருமண உரிமம் பெறத் தாம் மனமுவந்து இசைவதாகவும் அவரே ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். எழுத்துப்பிழைகள் உண்டு. ஆனால், எல்லைப்புறத்துப் பெண்கள் பலரும் பெயருக்குப் பதில் கீறலிட்ட அக்காலத்தில், அச்சான்று முழுவதும் அவர் தம் கைப்பட எழுதியது.