நக்கீரர் பாடிய யவன மது: நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத புலவரின் இன்னொரு பக்கம்

நக்கீரர்னு சொன்னதுமே நமக்கு ஞாபகம் வர்றது ‘திருவிளையாடல்’ படம்தான். 1965-ல் வந்த அந்தப் படத்தில் நக்கீரராக நடித்தவர், அதை இயக்கிய ஏ.பி.நாகராஜனே.

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? பூவும் எண்ணெயும் சேர்ந்தால்தான் மணம் என்று சிவனிடமே மல்லுக்கு நின்றவர் நக்கீரர். இது பிற்காலத்தில் வந்த கதை. ஆனால் நிஜ நக்கீரரும் மணத்தைக் கவனித்தவர்தான். அதுவும் கடல் கடந்து வந்த மதுவின் மணத்தை!

யார் இந்த நக்கீரர்?

மதுரைக் கணக்காயனாரின் மகன். கணக்காயர் என்றால் ஆசிரியர். அதாவது வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பத்துப்பாட்டில் 188 அடிகள் கொண்ட நெடுநல்வாடை இவர் பாடியது. திருமுருகாற்றுப்படையும் இவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டையும் பாடியவர் ஒருவரா, இருவரா என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. நெடுநல்வாடை அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. வெளிநாட்டுச் சரக்கு எதுவும் இவர் கண்ணுக்குத் தப்பாது போல!

மது எங்கே வருகிறது?

புறநானூற்றின் 56-வது பாட்டில். பாண்டியன் நன்மாறனை சிவன், பலராமன், திருமால், முருகன் என நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார். அப்புறம், யவனர் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்க, தினமும் அருந்தி இனிது வாழ்க என்று வாழ்த்துகிறார். (பொன் வேலை செய்தவர்களிலும் புலவர்கள் உண்டு. சிவகாசி பக்கத்துத் திருத்தங்கல்தான் அன்றைய தங்கால். அந்த ஊர்ப் பொற்கொல்லனார் பாடல்களும் சங்க நூல்களில் இருக்கின்றன.)

தேறல் என்றால் கசடு நீங்கித் தெளிந்த மது. தெளிவு, குளிர்ச்சி, மணம். மூன்றையும் சொன்ன நக்கீரர் நிறத்தை மட்டும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு டிரை ஒயிட் ஒயினை ருசிப்பவர்கள் பார்ப்பதும் இதே மூன்றைத்தான். ‘டிரை’ என்றால் திராட்சையின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கப் புளித்து ஆல்கஹாலாக மாறியது, இனிப்பு இருக்காது. முதலில் வெளிச்சத்தில் பிடித்துத் தெளிவு பார்ப்பார்கள். பிறகு கிண்ணத்தைச் சுழற்றி மோந்து பார்ப்பார்கள். வாயில் வைப்பது கடைசியில்தான். குளிர்ச்சி இருந்தால் புளிப்பு துல்லியமாகத் தெரியும். ரொம்பக் குளிர்ந்தால் மணம் அமுங்கிவிடும்.

அன்றைய ரோமில் பெரிய பெயர் வாங்கியது ஃபலேர்னியன் மது. அதில் இனிப்பில்லாத வகையும் இருந்ததாக, கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி எழுதியிருக்கிறார். பாண்டியன் கிண்ணத்துக்கு வந்தது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கூந்தல் கதையின் கேள்வியை இந்த மதுவிடமும் கேட்கலாம். திராட்சையின் சொந்த மணமா, சேர்த்த மணமா? மது ஒழுகாமல் இருக்க ஜாடியின் உட்புறம் பிசின் பூசுவார்கள், அந்த வாடையும் மதுவில் இறங்கும். கிரேக்கத்தின் காஸ் தீவுக்காரர்கள் மதுவில் கடல்நீரே கலந்தார்கள். அந்தத் தீவின் ஜாடித் துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலும் ரோமானிய மது ஜாடிகள் கிடைத்தன, உடைந்த ஓடுகளாக.