மதுரையில் பிறந்த டி மோர்கனும் எனது பெயர்ப்பட்டியலும்

வெள்ளவத்தையில் எனக்குப் பக்கத்து அறையில் இருக்கும் தம்பி இணையத்தில் போக்கர் விளையாடுபவர். ஆடிய ஆட்டங்களை எண்ணித் தரும் மென்பொருளில் தனக்கென ஒரு கணக்கை அமைத்திருந்தார். கடைசி ஆசனத்தில் இருந்து, பந்தயத்தையும் உயர்த்திய ஆட்டங்கள் மட்டும் விலக வேண்டும். அவர் எழுதிய நிபந்தனையோ கடைசி ஆசனத்து ஆட்டங்கள் எல்லாவற்றையும், பந்தயம் உயர்த்திய ஆட்டங்கள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டது. இந்தப் பிழையைத் திருத்தும் விதி டி மோர்கனின் பெயரில் இருக்கிறது.

அகஸ்டஸ் டி மோர்கன் 1806 ஜூன் 27இல் மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனிப் படை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. அந்த ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தனர். ஏழு மாதக் குழந்தையுடன் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

கேம்பிரிட்ஜில் முதுகலைப் பட்டத்துக்கு மதக் கோட்பாட்டை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அவர் மறுத்தார். அங்கே பதவிக்கான வழி அடைபட்டது. நிர்ப்பந்தத்தில் கையொப்பம் வைத்தவர்கள் எங்களிடையே எத்தனையோ பேர். அந்த மறுப்பின் விலை எங்களுக்கு விளங்கும். 1828இல், 21 வயதில், மதச் சோதனை இல்லாத புதிய லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். சக பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்டதைக் கண்டித்து 1831இல் விலகினார், 1836இல் திரும்பினார். சமய நிலைப்பாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பதவி மறுக்கப்பட்டபோது, 1866இல் நிரந்தரமாக வெளியேறினார். 1871இல் காலமானார்.

1838இல் நிகழ்தகவு பற்றி ஒரு நூல் எழுதினார். 1847இல் அவருடைய தர்க்க நூலும் ஜோர்ஜ் பூலின் நூலும் வெளிவந்தன. அவரது விதி எளியது. இரண்டும் சேர்ந்து இல்லை என்றால், ஒன்றாவது இல்லை என்றே பொருள். இரண்டுமே இல்லை என்பது வேறு கதை.

தம்பியின் திரையைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடத்தப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆவணம் தேட ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி இரண்டும் உள்ளவர்களை மட்டும் விலக்க நினைத்து, இரண்டுமே இல்லாதவர்களை மட்டும் எடுத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனை அம்மா ஒருவரிடம் மகனின் அட்டைப் பிரதி உண்டு, முறைப்பாட்டுப் பிரதி இல்லை. அவர் பெயர் வரவேயில்லை. இரவே நிபந்தனையை மாற்றி, விடிந்ததும் அவருக்கு அழைத்தேன். ஏன் இத்தனை நாளாக அழைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.